பாவு நீட்டிய தெருவில் உன் வெள்ளைக் கோல்

இன்று காலை நம் தெருவுக்குள் திரும்பியதுமே கஞ்சி வாசனை. தறியில் ஏற்றவேண்டிய பட்டு இழைகளின் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இருபுறமும் ஆட்கள் நின்று கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். நீ போன பிறகு இந்த நேரத்தில் நான் இந்தப் பக்கம் வந்ததில்லை. ஓரமாக ஒதுங்கி நின்றேன். நீ ஒதுங்கியிருக்க மாட்டாய்.

மெட்ராஸில் பார்வையற்றோர் பள்ளியை முடித்து எங்கள் பக்கத்து வீட்டுக்கு நீ திரும்பி வந்தபோது, உன் கையில் மார்பளவு உயரமான வெள்ளைக் கோல். அதை ஊன்றி நடக்க மாட்டாய். உன் அடுத்த அடி விழப்போகும் இடத்தை அதன் நுனி முன்கூட்டியே தொட்டுப் பார்க்கும். நான் அப்போது பி.ஏ. கடைசி வருடம், எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். ஆனாலும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கக்கூடக் குரல் எழும்பாது. நீயோ கண்டக்டரையே மிரட்டுவாய்.

செங்கல்பட்டில் உனக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. ஒரே நிபந்தனை, துணையில்லாமல் வந்துபோக வேண்டும். பஸ் நிற்பது தெருக்கோடியில். காலை நேரத்தில் தெரு நெடுகப் பாவு.

"கோலை ஆட்டிக்கினு வர்றியேம்மா, இழை அறுந்துச்சுன்னா யாரு முடி போடறது?" என்றார் எதிர்வீட்டு நெசவாளர் அண்ணன்.

"உங்க பாவு இடுப்பு ஒயரத்துல இருக்குது. என் கோலு தரையில போவுது. ரெண்டும் எங்கண்ணா சந்திக்கப் போவுது?"

பாவைத் தாங்கும் மரக்கால்களின் அடியை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே நடந்து பழகினாய். அவைதான் உனக்கு வழி என்பது அவருக்குத் தெரியாது. நீ வேலையில் சேரும் நாளன்று, பாவம் என்று நினைத்து, கஞ்சி தடவும் முன்பே ஆட்களைக் கூப்பிட்டுப் பாவை எதிர் ஓரத்துக்கு நகர்த்திவிட்டார். வழக்கமான இடத்தில் மரக்கால் இல்லை. அதைத் தேடிக் கோலைப் பக்கவாட்டில் நீட்டினாய். முன்னால் கோல் தொட்டுப் பார்க்காத இடத்தில் கால் தெருவோரச் சாக்கடைக்குள் இறங்கியது, விழுந்தாய்.

உன் அம்மா ஓடி வந்தார். "வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். உள்ள வாடி."

அண்ணன் உன் முழங்கையைப் பிடித்தார். "நானே பஸ் ஏத்தி உட்டுடறேம்மா."

"கைய விடுங்கண்ணா. நாளைக்கும் வருவீங்களா?"

"உனக்காகத்தாம்மா நகத்துனேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? மொதல்ல அத இருந்த எடத்துல நிறுத்துங்க. பஸ் வந்துக்கினு இருக்குது."

அண்ணனும் ஆட்களும் முணுமுணுத்துக்கொண்டே பாவைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தார்கள். சேறு ஒழுகும் புடவையோடு நீ மரக்கால்களைத் தட்டித் தட்டிப் போனாய். பின்னாலேயே வந்த என்னை, "நீ எங்கடி வர்ற? உன் காலேஜ் அந்தப் பக்கம்" என்று விரட்டினாய். பஸ்ஸையும் பிடித்துவிட்டாய்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும் வரை அந்த வேலையில் இருந்தாய், தனியாகவே போய்வந்தாய். துக்கம் கேட்க வந்தவர்களோ, "பாவம், கண்ணு தெரியாத பொண்ணு" என்று உச்சுக்கொட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் வாழ்க்கையில் பாவம் என்று சொல்ல என்ன இருந்தது?

போன வாரம் பஸ் நிலையத்தில், பார்வையற்ற ஒருவரை ஒரு பெரியவர் சாலைக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். அவர் திமிறத் திமிற, பெரியவர் விடவில்லை.

"அவரைக் கேட்டீங்களா?"

சத்தம் போட்டது நான்தான். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் கையை விட்டார்.

"நான் மெட்ராஸ் பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தேம்மா," என்றார் அந்த மனிதர். "எதுக்கு இந்தப் பக்கம் இஸ்துக்கினு வந்தாரு?"

அவரைக் கேட்டுக்கொண்டு, பழைய பக்கமே கொண்டுவிட்டேன். அவருடைய பஸ் வரும்வரை அங்கிருந்தே அந்தப் பெரியவரை முறைத்துக்கொண்டே நின்றேன்.