சிவப்பு எச்சரிக்கை போய்விட்டது, அம்மா!

அன்புள்ள அம்மாவுக்கு, டொராண்டோவிலிருந்து மகள் பிரிஸ்காவின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

நம் நிலக்கோட்டைப் பூக்கடையின் விலைப் பக்கத்தைத் திறந்ததும் வருமே, அந்தச் சிவப்பு எச்சரிக்கை, அது ஒழிந்தது! கடையின் இணையதளத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் போட்ட நான், விலைக்கென்று பிரித்து வைத்த துணை முகவரியை மறந்திருக்கிறேன். நேற்று அதற்கும் போட்டேன். பக்கம் சுத்தமாகத் திறந்ததும் நாற்காலியை விட்டுக் குதித்துவிட்டேன்!

உடனே, நம்மிடம் மல்லிகை வாங்கும் பேகம்பூர் பாத்திமாக்கா போனில் கூப்பிட்டார். "ஏம்மா, செவப்பா ஒண்ணும் வரலையே, இது நம்ம கடைதானா? ஒங்கம்மா அதை அமுக்கித்தானே உள்ள போகச் சொன்னாக?"

அத்தனை பேருக்கும் இப்படியா சொல்லி வைத்தீர்கள்? இனிமேல் சிவப்பு வந்தால் உள்ளே போகவே கூடாது என்று சொல்லிவிடுங்கள், அம்மா.

இன்னொன்று. பெரிய வெள்ளியன்று, நீங்கள் தினமும் காலையில் விலை போடும் பக்கம் மாறவே இல்லை. கடை இல்லாத நாளிலும் காலையில் 'இன்று விடுமுறை' என்றாவது போடுங்கள். பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். உங்களுக்கு விடியும்போது இங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம். நீங்கள் விலை போட்டதைப் பார்த்த பிறகுதான் நான் தட்டில் கை வைக்கிறேன்.

உங்கள் பிரிஸ்கா