இரண்டாம் பாகத்துக்குத் தீர்ப்பு

ஜூன் 5, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். எண்ணூர்ப் பக்கமிருந்து அமோனியா நெடி. ஷூ லேஸ் வாங்க மறந்தாயிற்று, நாளைக்கு.

வேலை முடிந்து நேராக ராயபுரம், அண்ணாச்சியின் பிரௌசிங் சென்டர். கம்ப்யூட்டரில் வக்கீலாக வாதாடும் கோர்ட்டு கேம், இரண்டாம் பாகம், மூன்றாவது கேஸ். சுத்த அறுவை. முதல் பாகத்தில் நீதிபதி வாயைத் திறந்தாலே சிரிப்பு. இதில் ஒருத்தனுக்கும் உயிரே இல்லை. கூட ஆடும் சேகர் மவுஸைத் தள்ளிவிட்டு, "இன்னா மாமு, பேஜாரா கீது" என்றான். வந்ததே நாலு பேர். போன வருஷம் நிற்க இடம் கிடைக்காது.

கேம் முழுக்க இங்கிலீஷ் எழுத்து. ஒருத்தன் திரையைப் பார்த்துத் தமிழில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்டு சாட்சியை மடக்க வேண்டும். அதுதான் எங்கள் முறை. முன்பெல்லாம் நண்பன் பாபு சொல்லிக்கொண்டிருந்தான். அவன் துபாய் போனதிலிருந்து நான். டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு வரிக்கு வரி சரியாகத்தான் சொல்கிறேன். என் மேல் தப்பு இல்லை.

அண்ணாச்சி: "ஏல, ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். ஆளு சேரலேன்னா இத அழிச்சிட்டு கிரிக்கெட்டு போட்டுருவேன்."

போட்டால் போகட்டும் என்று இருக்க முடியவில்லை. இந்தக் கூட்டமும் கலைந்தால் சாயங்காலம் எங்கே போவேன்? வீட்டில் அப்பாவோடு உட்கார முடியாது. பயமாக இருக்கிறது.

ஜூன் 7, வியாழன்

லேஸ் வாங்கியாச்சு. ஒன்று நீளம், ஒன்று குட்டை.

இரண்டாம் பாகம் மட்டம் என்று நிரூபித்தே தீருவது என முதல் பாகத்தைத் திரும்பப் போட்டேன். தனியாக. தூக்கிவாரிப் போட்டது.

பையனைக் கைது பண்ணும் கேஸ். பாபு சொன்னதில் பையனின் அம்மா நீதிபதியிடம் கெஞ்சுவாள்: "சோத்துல கை வெச்சான் சாமி, இட்டுகினு வந்துட்டாங்க. துன்னுட்டு வரட்டும், அப்பால ஜெயில்ல போடு." சேகரே அன்றைக்கு அழுதான். திரையில் இருப்பது ஒரே வரி. என் மகன் நிரபராதி. அவ்வளவுதான்.

நீதிபதி ஜோக் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பாபுவின் சொந்தச் சரக்கு. முதல் பாகமும் இதே அறுவைதான்!

முதலில் கோபம். அப்புறம் சிரிப்பு. அப்புறம் என்னவோ போல. சென்டரிலிருந்து பஸ் பிடிக்காமல் நடந்தே வந்தேன்.

ஜூன் 8, வெள்ளி

பாபுவுக்கு லீவு. சென்டர் நம்பருக்குப் போன் செய்தான். நேராகக் கேட்டேன்.

"அந்த அம்மா டயலாக்கு கேம்லயே இல்லியேடா?"

சிரித்தான்.

"அது எங்கம்மா சொன்னதுடா. அண்ணன ஸ்டேசனுக்கு இட்டுகினு போனாங்களே, அன்னிக்கி."

இவ்வளவு நாள் பழக்கம். அம்மா கெஞ்சியதை என்னிடம் சொன்னதே இல்லை. கேமில் வைத்து எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான்.

"நீயும் அட்ச்சி உடு மாமு. கீறத அப்டியே பட்ச்சினு இருந்தா எவன் குந்துவான்?"

அவன் போன் கார்டு தீர்ந்தது.

ஜூன் 10, ஞாயிறு

வெயில். முடி வெட்டியாச்சு.

ஆறு பேர். அண்ணாச்சி கிரிக்கெட் சிடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அதே மூன்றாவது கேஸ். மூடிக் கிடக்கும் குடோனின் பழைய வாட்ச்மேன் கூண்டில். அங்கே ஏன் போனாய் என்று வக்கீல் கேட்கிறார். திரையில் பதில்: வழக்கமாகப் போவேன்.

டிக்‌ஷனரியை மூடி வைத்தேன். நானாகச் சொன்னேன்:

"பூட்டிக் கீதுன்னு தெரியும் சார். ஆனாலும் டிபன் பாக்ஸ எட்த்துகினு கெளம்பி கேட்டாண்ட நின்னுட்டு வருவேன். வூட்டாண்டயே குந்தினு இருந்தா பசங்க மூஞ்சியப் பாக்க முடில."

அப்பா சொன்னது. அவர் வேலை பார்த்த திருவொற்றியூர்க் கம்பெனியை மூடிய பிறகு, சமையலறையில் அம்மாவிடம். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் எழுந்தும் போகவில்லை. அண்ணாச்சி சிடியை டிராயருக்குள் போட்டார். சேகர் மவுஸை அமுக்கவே இல்லை.

"அப்பால இன்னா சொல்றாரு மாமு?"

எனக்குத் தெரியாது. அப்பாவிடம் கேட்டதே இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும்.