அந்தக் கல்லை எடுத்த இடம்

இஞ்சருங்கோ,

பிரிந்து பதினொரு வருடமாகியும் உங்களை வேறெப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

நாங்கள் ஒன்றாயிருந்த பார்க்டேல் வீட்டில் யன்னலுக்கு முட்டுக்கொடுத்த எங்கள் கல்லை, மியூசியத்தில் வேலைசெய்யும் மகள் கொண்டுபோனாள். அதில் பதிந்திருப்பது சிப்பி அல்லவாம், பிராக்கியோபொட் என்ற பழைய கடலுயிராம். இதுவரை யாருமே விவரிக்காத இனமாம். ஆனால் எடுத்த இடம் சரியாகத் தெரியாமல் புதிய இனமென்று எழுத முடியாதாம்.

"ஹம்பர் ஆறு சரி. பாலத்துக்கு இஞ்சாலையா, அங்காலையா அம்மா? நான் அப்பாவைக் கேக்கட்டா?" என்றாள்.

நானே எழுதுகிறேன் என்றேன்.

உங்கள் சப்பாத்து நனைந்ததும், மீன் வைத்த மாலுபாணைப் பிய்த்துப் பெரிய பாதியை எனக்குத் தந்ததும், கல்லை என் கோட்டுப் பொக்கற்றில் போட்டதும் நினைவிருக்கிறது. இடத்தை நீங்கள்தான் சொல்லவேண்டும். நான் அன்றைக்கு ஆற்றைப் பார்க்கவில்லை.

உங்கள் மகளின் அம்மா