யாரும் கேட்காத கண்கள்

என் உயிரான மணி அண்ணா,

உன் கண்கள் உன்னோடேயே எரிந்துபோயின. நேற்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ வேலை பார்த்த கண் வார்டிலேயே நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய். கண் டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். "நான் செத்தா என் கண்ண எடுத்துக்குங்க" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாய். எடுத்துவிட்டார்கள் என்றே நம்பினோம். கஜா பேராங்கில் நம் வீட்டில் உன்னைக் கிடத்தியபோது, கண் இல்லாததை யாரும் உற்றுப் பார்த்து ஏதாவது பேசிவிடக் கூடாதென்று அம்மா உன் இமைகளின் மேல் சந்தனம் அப்பினாள். கொடுக்கவே கூடாதென்று உன்னோடு மல்லுக்கு நின்ற அதே அம்மா!

கருமாதி முடிந்ததும் பிடிவாதம் பிடித்தாள். "புக்கிட் ரம்பாய்க்குப் போலாம்டி. அந்த மக்சிக்குக்குத்தான வெச்சிருப்பாங்க? என் புள்ள கண்ண ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்." கருவிழி வெளுத்து, யாராவது கண் தர மாட்டார்களா என்று காத்திருக்கும், நீ மக்சிக் என்று கூப்பிடும் மலாய்க்காரப் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாயே, அவரைப் பார்க்கத்தான் பஸ் ஏறினோம்.

மக்சிக் சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "மணியா? யாராவது கண்ணு குடுத்தாங்களா?" என்று மலாயில் கேட்டார். அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் கத்தினேன். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"வீட்டாளுங்க சம்மதிக்கணும் தங்கச்சி. கேக்கத்தான் வந்தேன். சாவு வீட்டுல போயி எப்படிக் கேக்கறது? அதெல்லாம் மணிதான் கேப்பான்."

அன்று நம் வீட்டுக்கு வந்தார், உட்கார்ந்தார், சாவு வீட்டு வழக்கப்படி சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார். சுதந்திரம் வந்தது, வெள்ளைக்காரர் போய் நம்ம டாக்டர் வந்தார் என்று குதித்தாயே! அந்த வெள்ளைக்காரராவது கூச்சப்படாமல் கேட்டிருப்பார்.

எத்தனை சாவு வீடுகளில் நீ கேட்டிருப்பாய் அண்ணா? ஒருமுறை கேட்ட வீட்டில் பிடித்துத் தள்ளியதில் சட்டை கிழிந்து வந்து நின்றாயே. உனக்காகக் கேட்க ஒரு வாய்கூட இல்லையா? நாங்கள் தரத் தயாராக இருந்தோமே!

இனி இந்த மலாக்காவில் எந்த வீட்டில் சங்கு ஊதினாலும் நான் போவேன். கேட்பேன். தள்ளினால் தள்ளட்டும். நேற்று பஸ்ஸில் இதை அம்மாவிடம் சொன்னேன். வீட்டுப் படியேறும்போது அம்மா சொன்னாள்: "தனியா போவாத. நானும் வர்றேன்."

உன்னைப் போலவே அடங்காத தங்கை,
செல்வி