எந்தக் கோடி?

உன் ஹெட்செட்டை இன்று நான்தான் மாட்டிக்கொண்டேன். என்னுடையது காலையிலேயே உயிரை விட்டது. நீ போன பிறகு யாரும் தொடாமல் வைத்திருந்த அதன் காதுப் பஞ்சில் உன் தலைவலித் தைலம் இன்னும் மணக்கிறது. மதியமே இருட்டிக்கொண்டு மழை. பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரையில் நம் பெங்களூரு வரைபடம், அதில் உதவி கேட்டவர்களின் சிவப்புப் புள்ளிகள் கூடிக்கொண்டே போயின.

போன வருட மழையிலும் இப்படித்தான். உனக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நீ மர்பி டவுன்காரி, நான் பிரேசர் டவுன்காரி. என் ஏட்டுப் பேச்சை "சர்ச் தமிழ்" என்று கிண்டல் செய்வாய். அன்று என் லைனில் ஒருவர் வந்தார். நடக்க முடியாத அம்மா கட்டிலில் கிடக்கிறார், தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுவிட்டது என்றார்.

"எங்கண்ணா இருக்கீங்க?"

"கோடியாண்ட இருக்கோம்மா, கடைசி ஷெட்டு."

அவர் போன் இருக்கும் இடம் என்று திரை காட்டியதோ ஏரியையும் சுற்றியுள்ள தெருக்களையும் சேர்த்து மூடிய ஒரு பெரிய வட்டம். கோடி என்றால் தெருக்கோடி, வேறென்ன? தெரு முடியும் இடத்தில் புள்ளியை வைத்தேன். அந்தப் பக்கத்துக்கு இருந்தது ஒரே படகு. "கோடியில கடைசி ஷெட்" என்று படகுக்காரர்களிடம் சொல்ல ஆரம்பித்தபோது நீ என் கையைப் பிடித்தாய்.

"இருடி. எந்தக் கோடி?" என்று சொல்லி லைனை வாங்கிக்கொண்டாய். "அண்ணா, தெருக்கோடியா, கெரே கோடியா?"

"கெரே கோடிதாம்மா."

நமக்குத் தெரு முடியும் இடம் கோடி. கன்னடத்தில் கெரே என்றால் ஏரி, அது நிரம்பி வழியும் கலிங்குதான் கோடி. இரண்டையும் கலந்து பேசும் ஊரில் அவர் மேல் தப்பே இல்லை. வரைபடத்தில் அவை ஏரியின் எதிரெதிர்க் கரைகளில் இருந்தன. நீ புள்ளியை இழுத்து மறுகரையில் போட்டாய். அது பச்சையாக மாறும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாய். அம்மா படகில் ஏறியாயிற்று என்று தெரிந்ததும், "டீ சொல்லுடி" என்றாய், அவ்வளவுதான். அன்றே வரைபடத்தில் அந்தக் கலிங்குக்கு "கெரே கோடி" என்று பெயர் எழுதி வைத்தாய்.

பிறகு உன் நெஞ்சு வலியை மட்டும் "கேஸ் டிரபிள்தான்டி" என்று தள்ளிவிட்டாய். ஊரையெல்லாம் எங்கே எங்கே என்று துருவிக் கேட்டவள், உனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லாமலே போய்ச் சேர்ந்தாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இன்று மதியம் ஓர் ஆண் குரல், மூச்சு வாங்கியது. "அம்மா கட்டில்ல இருக்காங்க, தண்ணி ஏறிக்கினே இருக்கு." நான் இடம் கேட்பதற்குள் அவரே சொன்னார்: "கெரே கோடிம்மா, தெருக்கோடி இல்ல. போன வாட்டி கேட்டீங்களே. அது நீங்கதானே?"

கேட்டது நீதான். விளக்கம் சொல்ல நேரம் ஏது?

"ஆமாண்ணா, நான்தான். அம்மாவ தூக்கி உக்கார வைங்க, போட் வருது."

நீ எழுதிய பெயரின் மேலேயே புள்ளியை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது, நகம்தான் மிச்சமில்லை. பச்சையானதும் பக்கத்து நாற்காலியைப் பார்த்து, "டீ சொல்லுடி" என்றேன்.

உன் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் எழுந்து போய் டீ சொன்னாள். நான் ஹெட்செட்டைக் கழற்றாமல் அடுத்த லைனை எடுத்தேன்.