பச்சை பெல்ட்டும் உருண்டைச் சோறும்

ஆவணி 4, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் கூடுகிறது, பெய்ய மனசில்லாமல் கலைகிறது. ஒன்றாம் வகுப்பில் ஐந்து பேர் வரவில்லை. ஐந்து பேருக்கும் வயிற்றுப்போக்கு. மற்ற வகுப்புகளில் யாருக்கும் ஒன்றுமில்லை. ஏன் சின்னதுகளுக்கு மட்டும்?

வாங்க: சோப்பு ஒரு கட்டி, சாக்குக் கட்டி, பேதிக்கு மாத்திரை (உத்திரமேரூர் போகிறவர் யாரிடமாவது சொல்லி). வேட்டிமேல் கட்டும் பச்சை பெல்ட்டின் வார் தளர்ந்து நழுவுகிறது. புது ஓட்டை போட வேண்டும்.

மத்தியானம் வழக்கம்போல் குழம்புச் சோறு பிசைந்து, ஒன்றாம் வகுப்புக்கு மட்டும் உள்ளங்கையில் உருண்டை வைத்தேன். தட்டில் போட்டால் பாதியைக் கீழே இறைக்கும். உதவி வாத்தியார் சிரிப்பார். சிரிக்கட்டும். நாள் முழுதும் இந்த ஒரு வேலைதான் எனக்குப் பிடித்தது.

ஆவணி 5, புதன்

இன்னும் இரண்டு பேர். உணவுக் கமிட்டித் தலைவர் சைக்கிளிலிருந்து இறங்காமலே:

"இன்னா வாத்தியாரே, அந்தப் பொம்பள கொயந்தைங்கள கொன்னுடுவா போலக்கீதே. சேரியிலேந்து ஆள் வாணாம்னு அப்பவே சொன்னேன். கேட்டீங்களா?"

ஆயாம்மா கன்னியம்மாவைச் சமையலுக்கு வைத்தது என் பிடிவாதம்தான். சமையல் கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். பாத்திரம் சாம்பல் போட்டுத் துலக்கி, கவிழ்த்து வைத்திருக்கிறாள். நகம் வெட்டியிருக்கிறது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்று. அவள் மகள் செல்வியும் ஒன்றாம் வகுப்புதான். வரிசையில் வராமல் அடுப்பு மூலையில் தனித் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வாரமாக இப்படித்தானாம். செல்விக்கு இதுவரை பேதி வரவில்லை.

தாய்க்கு ஏதோ தெரிந்திருக்கிறது, தன் பிள்ளையை மட்டும் காப்பாற்றிக்கொள்கிறாள் என்று பட்டது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கமிட்டிக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'சமையல் சுத்தக் குறைவு, ஆளை மாற்றலாம்.'

ஆவணி 6, வியாழன்

கன்னியம்மா போய்விட்டாள். வாதாடவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"சாவிய யார்கிட்ட குடுக்கட்டும் ஐயா?"

செல்வியும் கூடவே போய்விட்டாள்.

ஆவணி 11, செவ்வாய்

நல்ல மழை. கூரை இரண்டு இடத்தில் ஒழுகல். புதுச் சமையல்காரம்மா, தலைவருக்கு ஒன்றுவிட்ட தங்கை. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறோம்.

இன்று மறுபடி நான்கு பேர். நான்கும் ஒன்றாம் வகுப்பு.

ஆவணி 15, சனி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். வேட்டியோடு பச்சை பெல்ட்டையும் தோய்க்கப் போட்டேன். வீட்டுக்காரி அதைக் குச்சியால் தூக்கிப் பிடித்தாள்.

"இத்த எத்தினி வருஷமா தொவைக்காம கட்டிக்கினு கீறீங்க? தண்ணி கருப்பா ஓடுது பாருங்க. கொல்லைக்குப் போய்ட்டு வந்து மொதல்ல இத்தத்தான் இயுத்துக் கட்றீங்க. அப்பால சோப்பு போட்டு கைய கயுவுறீங்க. கயுவிட்டு மறுபடி இத்தையே புடிக்கிறீங்க. அப்பறம் இன்னாத்துக்கு சோப்பு?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் திண்ணையில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்து வழக்கத்தை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கிடையாது. ஏரிக்கரைப் பக்கம் போவேன். பெல்ட்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்வேன். ஏரித் தண்ணீரில் கால் கழுவல். அந்தக் கையாலேயே பெல்ட் கட்டல். பள்ளிக்கூடம் வந்து சோப்புப் போட்டு, முழங்கை வரை, பிள்ளைகள் பார்க்கும்படி கழுவுவேன். பிறகு உட்காருமுன் நழுவும் பெல்ட்டை இரண்டு கையாலும் ஒரு இழுப்பு. பிறகு சோறு.

மற்ற வகுப்புகளுக்குக் கரண்டி. ஒன்றாம் வகுப்புக்குத்தான் என் கை.

ஆவணி 16, ஞாயிறு

கன்னியம்மாவைத் தேடிப் போனேன். வேர்க்கடலைக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். களைக்கொட்டை நிறுத்தாமலே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"நா பாத்தங்கய்யா. அத்தொட்டுத்தான் எம் பொண்ண வரிசைக்கு வுடல."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"எப்பிடி சொல்றது? நீங்க வாத்தியாரு. ஒங்க கை சுத்தமில்லன்னு நா சொன்னா ஊரு சும்மா வுடுமா? மத்தவங்க புள்ளைங்களுக்காகவும் சொல்லாம வுட்டுட்டேனேன்னு எனக்கும் நெஞ்சு அடிச்சிக்கினுதான் கீது."

மன்னிப்புக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடி வேலையில் சேர்க்கிறேன், செல்வியை நாளைக்கே அனுப்பு என்றேன். "பாக்கலாங்கய்யா" என்றாள். நம்பிச் சொன்னதில்லை அது.

வீட்டுக்கு வந்து இரண்டாவது கடிதம் எழுதினேன். தப்பு என்னுடையது, சமையல் கூடத்தினுடையது அல்ல, அவளை மறுபடி வைக்க வேண்டும். பெல்ட் விஷயம் முழுதும். எழுதக் கூச்சமாக இருந்தது. எழுதினேன்.

ஆவணி 17, திங்கள்

வெயில். செல்வி வரவில்லை. ஒன்றாம் வகுப்புக்கும் இன்று கரண்டிதான். ஒரு வாண்டு உள்ளங்கையை நீட்டிக்கொண்டே நின்றது.

மாலை தலைவர் வீடு. கடிதத்தை நின்றபடியே படித்தார். சிரித்தார்.

"பெல்ட்டாவது, மண்ணாங்கட்டியாவது. வாத்தியாரே, அவமேல தப்பு இல்லன்னு ஊருக்கே தெரியும். அவ ஆக்குனத எங்க புள்ளைங்க துன்றதா வாணாமான்றதுதான் பேச்சு. ரெண்டு வருஷமா வழி தெரியாம பேஜாரா இருந்தோம். நீங்களே எயுதிக் குடுத்தீங்க."

இரண்டாவது கடிதத்தை மடித்து என் கையிலேயே வைத்தார். அப்படியானால் முதல் கடிதத்தையும் கொடுங்கள் என்றேன்.

அது அன்றைக்கே உத்திரமேரூர் யூனியன் ஆபீசுக்குப் போய்விட்டதாம்.