தீவுகளைப் பற்றிய ஒரு வாக்கியம்

அன்புள்ள ரஃபாயேல்,

லியோனில் நீயும் ஏலோதியும் நலம்தானே? கருத்தரங்கில் மொழிபெயர்க்கும்போது நான் உளறிவிட்டதாக உன் மாமா ஒகுஸ்த் சொன்னாராம். உளறவில்லை.

பாரிசிலிருந்து வந்த பேராசிரியர் இந்தியப் பெருங்கடலைப் பற்றிப் பேசினார். "துறைமுகம் கட்டித் தருகிறவர் பேச்சைத்தான் சிறிய தீவுகள் கேட்கும்" என்றார். அதை அப்படியே தமிழில் சொன்னேன். கொழும்பிலிருந்து வந்திருந்த அம்மையார் எழுந்து வெளியே போய்விட்டார்.

"மதாம், கொஞ்சம் இனிப்பா சொல்லியிருக்கலாம்ல?" என்றார் ஏற்பாட்டாளர் உஸைர்.

"இனிப்பு வேணும்னா பெரிய மார்க்கெட்டுக்குப் போங்க தம்பி" என்றேன்.

நாளை மறுநாள் அந்த அம்மையார் பதில் பேசுகிறார். அதை நான்தான் பிரெஞ்சில் சொல்ல வேண்டுமென்று கேட்டிருக்கிறாராம். உஸைர் இன்னும் முடிவு சொல்லவில்லை. காலையிலிருந்து அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன். கடற்கரைக்குக்கூடப் போகப் பிடிக்கவில்லை.

உன் அப்பா இருந்தவரை என் மொழிபெயர்ப்பை அவர்தான் சரிபார்ப்பார். இந்த மின்னஞ்சலோடு பேச்சின் ஒலிப்பதிவை அனுப்புகிறேன், கேட்டுப் பார். உஸைர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். நான் எதையாவது கூட்டியோ குறைத்தோ சொல்லியிருந்தால் தெரிவி. போன் செய்யாதே, போனில் நீ என்னைச் சமாதானப்படுத்துவாய். எழுதி அனுப்பு.

அம்மா